வலியில்லாத ரத்தம்

பிரசவ வார்டில் கத்துகிறவளிடம்தான் நர்சுகள் ஓடுவோம். சத்தமில்லாதவளை யார் கவனிக்கிறோம்? அந்த வேலை பார்த்து நொந்தவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் புது நர்ஸ்.

தலை சீவியவள்

தருவைகுளத்து ஜெசிந்தாவுக்கு எட்டாம் மாசம். சேலையெல்லாம் ரத்தம், வலியோ துளிகூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறித்துக் கிடக்கும்போல, கை வைத்தால் ரத்தம் பீறிடும், யாரும் தொடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. தொடாமல் என்ன வைத்தியம்? ஜெசிந்தாவுக்குக் கோபம்.

“எங்கூரு மருத்துவச்சியாவது தொட்டுப் பாப்பா. நீங்க இத்தன பேரு சும்மா நிக்கியளே சிஸ்டர்.”

மச்சான் கை

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்கணும், அதற்கு ரத்தம் வேண்டும். புருஷன் சூசை, சங்கு குளிக்கிறவர், உடனே கையை நீட்டினார். குரூப் சேரவில்லை. ஜெசிந்தாவின் அண்ணன் அந்தோணிக்குச் சேர்ந்தது, அவர் தயங்கினார். சூசை கடலில் முங்கும்போது வள்ளத்தில் கயிறு பிடிப்பவர் அவர். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்கணுமாம், தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டானாம். ரத்தம் கொடுத்துக் கை தளர்ந்துவிட்டால் சூசை கதி என்ன என்று என்னைக் கேட்டார். சூசைதான் பதில் சொன்னார்.

“நான் கடலுக்குப் போனாத்தான மச்சான் கயிறு? நீரு கையை நீட்டும்.”

கல்லாய் இறுகியும்

பிள்ளை அழுதது, எல்லோரும் சிரித்தோம். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டாச்சு, கர்ப்பப்பையும் கல்லாக இறுகியாச்சு. இறுகினால் நிற்கும் என்றுதானே படித்தோம்? ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். நஞ்சு ஒட்டியிருந்த இடத்தை அழுத்திப் பிடித்துத் தையல்மேல் தையல் போட்டார் டாக்டரம்மா. அதற்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்கணும். தைத்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார்.

“மேல இறுகி என்ன செய்ய சிஸ்டர், ஒழுகுறது கீழல்லா? அங்க இறுக்கிப் பிடிக்கச் சதை கிடையாது. துணியைக் குடுங்க.”

ரப்பர் குழாய்

ஒருவழியாக நின்றது. வார்டுக்கு வந்தபின்னும் அந்தோணியின் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சூசை அந்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார். அது தானாக இறங்கும், விடுங்கள் என்றேன். கேட்கவில்லை. மத்தியானம் ஜெசிந்தா கண் திறந்தாள். அவர் குனிந்து கேட்டார்.

“ஏளா, மேல வந்துட்டியா?”

அன்றையிலிருந்து வார்டில் எவளாவது கூப்பாடு போட்டால் எனக்கு நிம்மதி, தலை சீவுகிறவளைக் கண்டால்தான் ஓடிப்போய்ச் சேலையைப் பார்ப்பேன்.