சிவப்பு மையில் ஒரு முடிவுரை

என் அத்தை வீட்டில் அத்தை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் டீச்சர். கட்டுரை விஷயத்தில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, கைடைப் பார்த்து எழுதக் கூடாது; நம் தெருவில் பார்த்த ஆளும் பொருளும்தான் வர வேண்டும். இன்னொன்று, பிள்ளைகளின் நோட்டில் அவள் ஓர் எழுத்துக்கூட எழுத மாட்டாள். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவாள், அவ்வளவுதான். "ஓட்டையை நான் காட்டுதேன், அடைக்கிறது உன் வேலை" என்பாள். அண்ணன் மகள் என்ற சலுகையெல்லாம் கிடையாது; வகுப்பிலேயே எனக்குத்தான் வட்டங்கள் அதிகம்.

அந்த ஐப்பசியில் 'வெள்ளம்' என்று தலைப்புக் கொடுத்து, நேரில் கண்டது போல் எழுதச் சொன்னாள். நான் வெள்ளத்தைக் கண்டதே இல்லை. அதனால் என்ன, படித்துறைக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சியைப் பிடித்து ஆற்றில் தள்ளிவிட்டேன். கடை பெஞ்சு மிதந்து போகிறது, அதன்மேல் அவருடைய நீல வார் செருப்பு ஒன்று மட்டும் இருக்கிறது, ஆளைக் காணோம் என்று எழுதினேன். காப்பாற்றும் கட்டத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. முடிவுரை இல்லாமலே நோட்டைக் கொடுத்தேன்.

நான்காம் நாள் மலையில் பேய்மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். விடிந்தபோது ஆறு எங்கள் தெருவுக்குள் இருந்தது. அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லாரும் மாடியில் நின்று பார்த்தோம். வாழைகள் போயின, ஒரு கேஸ் சிலிண்டர் போனது. பிறகு பெஞ்சு வந்தது. சுற்றிச் சுற்றிப் பைய வந்தது. அதன்மேல் ஒற்றைச் செருப்பு, நீல வார்.

அத்தை முந்தின நாளே நோட்டுகளைத் திருத்தி முடித்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டீக்கடை அண்ணாச்சியைக் காணவில்லை என்று மதியம் தெரிந்தது. எதிர் மாடியில் அவர் சம்சாரம் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று நம்பினேன். பதினாலு வயதில் இப்படியா என்று நீங்கள் சிரிக்கலாம்; அந்தப் பெஞ்சை நீங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முடிவுரையை எழுதிவிட்டால் அவர் வந்துவிடுவார். பேனாவை எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் பைய நுழைந்து, நோட்டுக் கட்டுக்குள்ளிருந்து என்னுடையதை உருவினேன்.

கடைசி வரிக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் அத்தையின் கையெழுத்து. 'தோப்புப் பக்கம் ஒரு கயிறு வந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.' அத்தையின் முத்தான கையெழுத்து அங்கே கோணல்மாணலாகக் கிடந்தது.

எனக்கு வந்தது கோபம்தான். எனக்கு இதுகூட எழுதத் தெரியாதா? நோட்டை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்துவிட்டார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு, காலில் ஒற்றைச் செருப்பு. அப்பா விசாரித்தபோது சொன்னார்: "தோப்புப் பக்கம் ஒரு கயிறு வந்துது. பிடிச்சு ஏறிட்டேன். எறிஞ்ச ஆளு யாருன்னு பாக்கேன், அங்கன ஒருத்தரையும் காணோம் வே."

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் போனதும் நான் சண்டைக்குப் போனேன். "என் நோட்டுல நீங்க ஏன் எழுதுனீய? நான் அடைச்சிருப்பேம்லா!"

"வாயை மூடுட்டி" என்றாள். பள்ளிக்கூடம் திறந்து நோட்டு என் கைக்கு வந்தபோது அந்தத் தாளே அதில் இல்லை.

எத்தனை மார்க் போயிற்றோ என்பதுதான் அன்று என் கவலை. என்னைப் போலவே அவளும் பேனாவை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்பே, அந்த அறைக்குள் பைய நுழைந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.