இசக்கிமுத்து பேரில் ஒரு ஈசிஜி

இசக்கிமுத்து, இன்றைக்குக் காலையிலும் வீட்டுக்கார அம்மா என்னை உன் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருஷமாக இந்த ஓசூரில் நம் இரண்டு பேரையும் யார் சரியாகப் பிரித்துப் பார்த்தார்கள்? அந்த அம்மா கெலமங்கலத்துக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் கன்னடம், நம்மிடம் தமிழ். தண்ணீர் பிடிக்கப் போனால் தினமும் ஒரே கேள்விதான்: "நீ பெரியவனாப்பா, சின்னவனா? ரெண்டு பேரும் ஒரே அச்சுதான் போ!"

ஊரில் அப்படியில்லை. உடன்குடிப் பக்கம் நம் செம்மண் தேரிமணலில் இருபது பையன்கள் புழுதி கிளப்பிப் பந்து விளையாடினாலும் அம்மா பனைகளுக்கு அந்தப் பக்கம் நின்றே, "ஏலே இசக்கி, சோறு ஆறுதுலே! சுடலை, அவனையும் இழுத்துட்டு வா!" என்று கத்துவாள். முகம் தெரியாது. ஓடுகிற ஓட்டத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்லவேண்டும். நான் சுடலைமுத்து. ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். இங்கே வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. இசக்கி என் தம்பி, ஒன்றரை வயது இளையவன். பந்து விளையாட்டால்தான் அவனுக்கு இங்கே ஒரு இஞ்சினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. எந்தக் காலேஜ் என்று எழுதப்போவதில்லை. நான் எழுத வந்தது என் தப்பை.

அந்தக் காலேஜ் ஃபுட்பால் டீம் லீக்கில் பி டிவிஷனில் கிடந்தது. எப்படியாவது ஏ டிவிஷனுக்கு ஏறிவிடவேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒரு வெறி வந்தது. சீசன் தொடங்கும் முன்பே கேட்டில் பேனர் கட்டிவிட்டார்கள்: "அடுத்த சீசன் ஏ டிவிஷன்!" காலையும் மாலையும் பயிற்சி. பொங்கலுக்குக்கூட லீவு இல்லை. கிருஷ்ணகிரிக்காரரான கோச், "ஒரு வேளை வரலைன்னாலும் பெஞ்ச்ல குந்திக்கோ, ஏன்னு என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டார். இசக்கி ஒரு வேளையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஓடிப்போய்த் தூக்கினேன். உதடெல்லாம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லண்ணே, வெயில்லா" என்றான். வெளியே பார்த்தேன். பனி இன்னும் விலகவில்லை. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். ஓசூரில் ஏது வெயில்? ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கம்பெனியில் யார் மயங்கி விழுந்தாலும் அதுதான் வைத்தியம்: குளுக்கோஸ், பத்து நிமிஷம் ஃபேன் காற்று, திரும்ப லைனுக்கு.

கம்பெனியில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தன் ஊருக்குப் போனால் அவன் ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இன்னொருத்தன் அவன் ஷிப்டில் நிற்பான். சூப்பர்வைசர் முகம் பார்ப்பதில்லை, தலையைத்தான் எண்ணுவார். என் ரூம்மேட் மணிக்காக நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். அதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை.

ஏ டிவிஷனுக்குப் போகப்போகிற டீம் என்பதால் எல்லோரும் ஈசிஜி எடுத்துச் சான்று கொண்டுவரவேண்டும் என்று காலேஜில் கேட்டார்கள். ஒரு வாரம் கெடு. கடைசி நாள் வரை இசக்கி போகவில்லை.

"நீ ஒரு எட்டு போயிட்டு வந்துருண்ணே. எனக்கு ரெண்டு வேளையும் பிராக்டிஸ் கெடக்கு."

"லூசாலே நீ? ஒனக்கு எடுக்கணும்னா நீதாம்லே போவணும்."

"மணிக்குப் பதிலா நீ நிக்கலியா? அது மாதிரிதான். மூஞ்சி ஒண்ணு, நெஞ்சும் ஒண்ணுதாம்ணே."

சிரித்துவிட்டேன். அவன் காலேஜ் கார்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படுக்கச் சொன்னார். நெஞ்சில் சில்லென்று எதையோ ஒட்டினார்கள். "ஃபுட்பாலா? ஹார்ட் குதிரை மாதிரி ஓடுதுப்பா. நல்லா ஆடு" என்றார். "சரிங்க டாக்டர்" என்றேன். இதே எங்கள் ஊர் ஆஸ்பத்திரி என்றால் கம்பவுண்டரே, "தம்பி சீட்டைத் தூக்கிட்டு நீ ஏம்லே வந்த? போ, அவனை அனுப்பு" என்று விரட்டியிருப்பார். இங்கே விரட்ட ஆள் இல்லை.

கவரை நீட்டினேன். இசக்கி பிரித்துப் பார்க்கவில்லை. "எல்லாம் நல்லாருக்காமா?" என்று மட்டும் கேட்டான். "குதிரையாம்லே" என்றேன். "அப்ப சரி" என்றான். அந்த வாரம் முழுக்க நிம்மதியாகச் சாப்பிட்டான். அது தன் நெஞ்சு இல்லை என்பதையே மறந்துவிட்ட மாதிரி இருந்தான். பயந்துதான் என்னை அனுப்பியிருக்கிறான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி மேட்ச் ஒரு சாயங்காலம் நடந்தது. ஜெயித்தால் ஏ டிவிஷன். நானும் மணியும் கோட்டோரம் நின்றோம். இரண்டாவது பாதியில் அவன் பக்கத்தில் யாருமே இல்லை, பந்தும் இல்லை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். தலையைத் தூக்கி என்னைத் தேடினான். பிறகு விழுந்தான். "குளுக்கோஸ் எட்றா!" என்று கோச் கத்தினார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து வந்ததும் காலேஜ் ஆபீசில் கூப்பிட்டார்கள். விளையாட்டுக்குப் பொறுப்பான சார் அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்தார். "நீயே பாரு தம்பி. ஹார்ட் நல்லாத்தானே இருந்துக்குது? நாங்க என்னாப்பா பண்ண முடியும்?" ஏறி இறங்கும் கோடுகள், மேலே தம்பி பேர். "ஆமாங்க சார்" என்றேன். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மேட்சைப் பிறகு திரும்ப நடத்தினார்கள். டீம் ஏறிவிட்டது. புதுப் பேனரின் ஓரத்தில் இசக்கி படமும் இருக்கிறது. போன வாரம் பஸ் அந்தக் கேட்டைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவர் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்களாண்ணா அது?" என்று கேட்டார். ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

அம்மா போன் போடும்போதெல்லாம், "நல்ல நெஞ்சுன்னு எழுதிக் குடுத்தாவளாமே சுடலை, பெறவு எப்படிலே நின்னுச்சு?" என்று அழுகிறாள். அதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவில்லை. யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மா, அது என் நெஞ்சு.

அவன் நம் ஊர்த் தேரிமணலுக்குள் கிடக்கிறான். அவன் பேர் போட்ட என் நெஞ்சு ஓசூரில் ஒரு பீரோவுக்குள் கிடக்கிறது. இடையில் திரிகிறவன் எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியவில்லை. இதை வாசிக்கிற எல்லோரும் என் தம்பிக்காக ஒரு நிமிஷம் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். இசக்கிமுத்து என்று அவன் பேரைச் சொல்லியே வேண்டுங்கள். நீங்களே வேண்டுங்கள், வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.