நான் எழுதி நானே அழித்தது

ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு வாங்கும் இண்டென்ட் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் அதை எழுதினேன். இளஞ்சிவப்புத் தாள். முன்பக்கம் யாரோ பேரிங் கேட்டுக் கையெழுத்துப் போட்டு, பிறகு வேண்டாமென்று குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேன்டீன். தயிர் சாத டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் அண்ணனுக்காக எழுதினேன்: "பதினோரு நாளாகக் கேட்டும் என் பணத்தை வெளியே எடுக்க முடியவில்லை. யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள். டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை பெரிய தொகை போடுவதற்கு முன், ஏற்கெனவே போட்டதில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்." அவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "சோக்கா கீது தங்கச்சி. இதை எவன் அழிப்பான்?" என்றார். இதற்கு முன் அவர் செல்போன் குழுவில் எழுதிய மூன்று பதிவுகளையும் அழித்தவள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அண்ணன் பூந்தமல்லிப் பக்கம் நூம்பல்காரர். சீட்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தரமாட்டார். மேனேஜரே வந்து நின்றாலும் "சீட்டு கொண்டாங்க சார்" என்று கையை நீட்டுவார். டிஸ்பாட்ச் பிரிவில் இருந்த நாங்கள் அதற்காக அவரைக் கேலி செய்வோம், அவருக்கோ அதில் உள்ளூரச் சந்தோஷம். "கம்ப்யூட்டர்ல நூறு கீதுன்னு காட்டும். கையில எடுத்துக் குடுக்க முடியலன்னா அது சரக்கே இல்ல" என்று அடிக்கடி சொல்வார். கிரிப்டோ என்கிற இணையக் காசில், புதுக் காயின் ஒன்றில் நாங்கள் பணம் போட்டபோதும் அவருக்கு அதே புத்திதான். மற்றவர்கள் திரையில் ஏறுகிற எண்ணைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் இரண்டாம் மாதமே கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்க்க நினைத்தார். பணம் வரவில்லை.

அந்தப் புதுக் காயினைப் பற்றிப் பேசுவதற்கென்றே செல்போனில் ஒரு குழு இருந்தது. ஆவடி, பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். புரியாதவர்களுக்கு நான் தமிழில் விளக்கி எழுதுவதைப் பார்த்து, நான் நேரில் பார்த்தேயிராத அதன் தலைவர் என்னையும் அட்மின் ஆக்கினார். அட்மின் எழுதுவது குழுவின் பெயரில்தான் தெரியும். ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது, இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம். ஆரம்பத்தில் நல்ல வேலைதான் செய்தேன். போலி கஸ்டமர் கேர் எண்களை அழித்தேன். பெண்களிடம் தனியாக வந்து வழிந்தவர்களை விரட்டினேன். எல்லோருடைய எண்ணையும் மறைத்து, உறுப்பினர்கள் தனியே பேசிக்கொள்ளக் கூடாது என்று விதி போட்டதும் நான்தான். பிறகு தலைவர் தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார், பயத்தைப் பரப்பும் பதிவுகளை நீக்க வேண்டுமென்று. முதலில் கெட்ட வார்த்தையில் திட்டியவர்களை நீக்கினேன். அப்புறம் மரியாதையாகத் திட்டியவர்களை. அப்புறம் வெறுமனே கேட்டவர்களை. குப்பையைப் பெருக்குகிற அதே விளக்குமாற்றால் கேள்விகளையும் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன், வீடு சுத்தமாக இருப்பதாகப் பெருமை வேறு.

அண்ணன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடமே புலம்புவார். "எவனோ ஒரு சோமாறி குந்திகினு அழிச்சிகினே கீறான். திட்டினாக்கூடப் பரவால்ல, நான் கேட்டதே இல்லன்னு ஆக்கிடறான்" என்பார். நான் தலையைக் குனிந்தபடி, "நீங்க கோவமா எழுதியிருப்பீங்கண்ணே" என்றேன். அதை நம்பித்தான் என்னையே எழுதித் தரச் சொன்னார். அவர் கவலை தன் பணத்தைப் பற்றியதாகக்கூட இல்லை. 'குத்தம்பாக்கம் டீச்சர்' என்ற பெயரில் குழுவில் ஒரு அம்மா இருந்தார். புது பஸ் நிலையத்துப் பக்கம் இருந்த தன் மனையை விற்றுவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு மொத்தத்தையும் காயினில் போடப்போவதாகவும் அறிவித்திருந்தார். "ஏங்காசு போனாப் போவட்டும். அந்தம்மா ஊடு கட்ட வெச்சிருந்த மனையாம், தங்கச்சி" என்றார் அண்ணன். தனியாக எச்சரிக்க வழியில்லை, என் விதி அப்படி.

நான் எழுதிக் கொடுத்தது புதன்கிழமை. அன்று சாயங்காலம் பஸ் அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தத்து நெரிசலில் நின்றிருந்தபோது அவர் பதிவு வந்தது. என் வரிகள், நான் வைத்த காற்புள்ளி உட்பட. எந்த விதியையும் மீறாதபடி நானே பார்த்துப் பார்த்து எழுதியது. அழித்தேன். ஒரு மாதத்துக்கு அவர் எதுவும் எழுத முடியாதபடியும் செய்தேன். விதி, ஒழுங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது அத்தனையும் பொய். அவர் கதையை முதன்முதலில் கேட்ட அன்றே என் பணத்தைத் திருப்பிக் கேட்டு நானும் விண்ணப்பித்திருந்தேன், தலைவரிடம் தனியாகச் சிபாரிசும் கேட்டிருந்தேன். விஷயம் தெரிந்து எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் எனக்கு வராது. இதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை.

மறுநாள் அண்ணன் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு குத்தம்பாக்கம் போனார். பள்ளிக்கூட வாசலில் போய் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். எந்த டீச்சர் என்று கேட்டார்கள். பெயர் தெரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார்கள், அதையும் இவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரோ என்னவோ என்று வாட்ச்மேன் விரட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை டீச்சர், பணம் கட்டிய ரசீதைக் குழுவில் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. முதல் வாழ்த்து குழுவின் பெயரில் போனது, நான் போட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை என் பணம் வந்துவிட்டது. அதற்கப்புறம் யாருக்கும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. சில வாரங்களில் தலைவர் குழுவையே மூடிவிட்டுப் போய்விட்டார்.

"நீ எழுதிக் குடுத்ததை அந்தம்மா பாத்திருப்பாங்களா?" என்று அண்ணன் ஒருநாள் கேட்டார். அழிவதற்கு முன் கொஞ்ச நேரமாவது அது இருந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "பாத்திருப்பாங்கண்ணே" என்றேன். எனக்குத் தெரியும், ஐந்து விநாடிகூட விட்டுவைக்கவில்லை.

அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போது மகள் வீட்டோடு அயனம்பாக்கத்தில் இருக்கிறார். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு அதைப் படம் பிடித்து எனக்குத் தினமும் அனுப்புவார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி வந்த படத்துக்குக் கீழே நடந்த அத்தனையையும் தட்டச்சு செய்தேன். டீச்சர், என் பணம், செவ்வாய்க்கிழமை, எதையும் விடவில்லை. அனுப்பியும்விட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். குழுவில் நான் அழித்தால் சுவடே இருக்காது. இதில் அப்படி இல்லை, செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி அவர் போனில் நின்றுவிட்டது.

மத்தியானம் போன் செய்தார். "இன்னா தங்கச்சி, என்னவோ அனுப்பிட்டு அழிச்சிட்டாப்ல கீது? ஊட்ல எதுனா பேஜாரா? காசு கீசு வேணும்னா கூச்சப்படாம கேளு."

"வேற யாருக்கோ போக வேண்டியதுண்ணே, தப்பா உங்களுக்கு வந்துடுச்சு" என்றேன்.

அதையும் நம்பினார்.