குவைத் போன மாமாவுக்கு வாங்கிய அரபிப் புத்தகம்

எதிர்வீட்டு இளைஞருக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் கைப்பேசியை நீட்டி, "அரபி பேச எந்த ஆப்பு நல்லாகீதுண்ணா?" என்று கேட்டார். இந்த விஷயத்தில் தெருவுக்கே நான்தான் நிபுணன். வாழ்நாளில் ஒரே ஒரு அரபிப் புத்தகம் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அக்காவின் கணவர் தயாளன் மாமா செங்கல்பட்டில் சொந்த வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குவைத்தில் ஒரு வீட்டில் ஹவுஸ் டிரைவர் வேலை வந்ததும் வேனை விற்று விசா வாங்கினார். அந்த வீட்டம்மா சொல்வது புரியவில்லை என்றால் முதல் சில மாதங்களிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்ட் பயமுறுத்தியிருந்தார். திரும்பி வந்தால் ஓட்ட வண்டி கிடையாது. குடும்பத்தில் பி.ஏ. படித்தவன் என்பதால் புத்தகப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பஸ் நிலையத்தில் விற்ற தமிழ்வழிப் புத்தகத்தை நான் ஏற்கவில்லை. அது ஏட்டு அரபி. செந்தமிழில் பேசி மீன் வாங்கப் போகிற மாதிரி இருக்கும். "வூட்ல பேசற அரபிதான் வேணும் மாமா" என்று அவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன புத்தகங்களை விற்க அங்கே ஒரு சந்துக்கடை இருந்தது. நான் எடுத்த ஆங்கிலப் புத்தகத்தில் வெயிலுக்குப் பூசும் களிம்பின் வாசனை. மடிப்பெல்லாம் கடல் மணல். வளைகுடாப் பேச்சுமொழி என்று அட்டையிலேயே போட்டிருந்தது. முன்னுரையை மட்டும் படித்துத் திருப்தியடைந்தேன். நான் பட்டம் வாங்கியதே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து வரிவரியாகத் தமிழில் எழுதிக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது ஓட்டலில் தங்குகிறவர்களுக்கான புத்தகம். டீ கொண்டு வா. வண்டியை இங்கே நிறுத்து. இது அழுக்காக இருக்கிறது, மாற்று.

"இன்னா மச்சான், நான் அவங்கள வேல வாங்கற மாறியே கீது?" என்றார் மாமா.

அடுப்படியிலிருந்து அக்கா சொன்னாள்: "அதெல்லாம் அவங்க உங்கிட்ட சொல்வாங்க. புரிஞ்சிக்கினு செய்யி, போதும்."

அப்படியே ஆயிற்று. வீட்டம்மா வாயைத் திறக்கும்போதே மாமாவுக்குப் புரிந்துவிடுமாம். வேலை நிலைத்தது, என் மேதைமையும் நிலைத்தது. முதல் லீவில் வந்தவரிடம் அரபியில் ஏதாவது பேசச் சொன்னேன். யோசித்துவிட்டு "ஹாதிர்" என்றார். 'உத்தரவு, இதோ செய்கிறேன்' என்று பொருளாம்.

"வேற?"

"வேற இன்னா? உன் புக்குல பதிலு எங்க போட்டுக்கீது?"

எல்லோரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

சந்துக்கடை போய்விட்டது. இப்போது அங்கே காபி விற்கிறார்கள். எந்த நாட்டுப் பேச்சு வேண்டுமானாலும் கைப்பேசியே சொல்லித் தருகிறது. எதிர்வீட்டு இளைஞரிடம், 'முடியாது' என்பதை எத்தனையாவது பாடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கச் சொன்னேன். வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்.

மாமா ஊரோடு வந்து பல வருஷமாகிறது. குவைத்துக்கு முன்பு அவரும் அக்காவும் சண்டை பிடித்தால் தெருவே வாசலுக்கு வரும். இப்போது அவள் என்ன திட்டினாலும் எழுந்துபோய்ச் சொன்னதைச் செய்துவிட்டு வந்து உட்காருகிறார். வீடு அமைதியாகிவிட்டதே என்றேன் ஒருநாள்.

"ஒரு வாட்டி எதுத்துப் பேசினா தேவலடா" என்றாள் அக்கா.