தோளோரத்தில் ஒரு சீலைக் கரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும். கணவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் லண்டனில் பஸ் ஓட்டுபவர். ஷிப்ட் நேரத்தில் வீட்டுக்குப் போன் எடுக்கிற ஆளில்லை.

“இஞ்சேரும், செவன் கிங்ஸ் கடைக்கார அண்ணை செத்துப்போனாராம். உமக்குத் தெரியுமோ?”

அந்த அண்ணைக்கு நெஞ்சில் பைபாஸ் செய்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய கடையின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு நான் ஒரு போஸ்டர் செய்திருந்தேன். வியாழன் மாலை என் கையாலேயே கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டும் வந்திருந்தேன்.

“ஆர் சொன்னது?”

“டிப்போவில ரெண்டு மூண்டு பேர் கதைச்சவை. கண்ணாடியில படம் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்காம். கறுப்புக் கரை போட்டு.”

பிறகு அவரே மெதுவாகக் கேட்டார்: “அது நீர் ஒட்டினதோ?”

அதுதான். வேறு எது?

பதினேழு வருடம் ஒரு மருந்துக் கடையில் நின்றவள் நான். பெட்டிகளில் லேபல் ஒட்டுவது வேலை. ‘நாளுக்கு மூன்று தடவை, உணவுக்குப் பின்.’ லேபல் ஒரு மயிரிழை சரிந்திருந்தாலும் உரித்து மறுபடி ஒட்டுவேன். மேலதிகாரி சிரிப்பார். நாற்பத்து நான்கு வயதில் அந்தப் பைத்தியத்தை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்கப் போனேன். கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருடம். பாஸ் பண்ணினால் நல்லது, இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பழைய வேலை. அதுவரை அவர் இரண்டு பேருக்குமாக ஓட்டினார். முதுகுவலியோடு ஓட்டினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு உண்மையான வாடிக்கையாளருக்கு வேலை செய்து, அதைப் பொது இடத்தில் வைத்து, வாடிக்கையாளர் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவத்தையும் கொடுக்க வேண்டும். திங்கள் மத்தியானம் கடைசி நேரம். படிவம் இல்லையென்றால் வருடம் முழுவதும் செய்தது எதுவும் செல்லாது.

என் மகளின் வயதுப் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருந்து நான் படித்தது ஒரே பாடம்தான். எடு. இன்னும் எடு. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு ஆங்கிலேயப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். எதைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “இதில் எதை எடுத்துவிடலாம்?” என்று கேட்பார். நானும் எடுத்தேன். குத்துவிளக்கை எடுத்தேன், தாமரையை எடுத்தேன், தங்க நிறத்தை எடுத்தேன். நம் கடைகளில் ஏழு நிறத்தில் தொங்கும் விளம்பரங்களைக் கண்டால் முகம் சுளிக்கிற அளவுக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது.

அண்ணையின் போஸ்டரும் அப்படி வந்ததுதான். அவர் தந்த புகைப்படத்தில் அவரும் அவர் மனைவி அக்காவும் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றார்கள். அந்த ஆங்கிலேயப் பெண் திரையில் அக்காவின் பக்கத்தைக் கையால் மறைத்துக் காட்டி, இவர் மட்டும் போதுமே என்றார். வெட்டியது நான்தான், அவர்மேல் பழி போட முடியாது. அண்ணையின் முகத்தை நடுவில் வைத்தேன். நிறத்தை எடுத்துச் சாம்பலாக்கினேன். சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கரை. கீழே கடை தொடங்கிய ஆண்டு, ஒரு கோடு, இந்த ஆண்டு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், அடுத்த சனிக்கிழமை கடையில் ஒன்றுகூடல், தேநீர் வழங்கப்படும்.

வாசிப்பவர்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்குத்தான் விளங்கவில்லை. லண்டனில் எந்தத் தமிழ்க் கடைக்குப் போனாலும் முருங்கைக்காயைப் பார்க்குமுன் கண்ணாடியில் யார் செத்தது என்றுதான் பார்ப்போம். கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே தோற்றம், மறைவு. ஆயிரம் முறை நானே வாசித்திருக்கிறேன். அந்தக் கண்ணைத்தான் கல்லூரி வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஒட்டுவதற்கு முதல் நாள் கணவருக்குக் காட்டியபோது, “நல்லாத்தான் செய்திருக்கிறீர். ஆனால் ஒரு மாதிரிக் கிடக்கு” என்றார். உங்களுக்கு டிசைனைப் பற்றி என்ன தெரியும் என்று பாய்ந்தேன். மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

ஃபொரஸ்ட் கேட்டில் ரயில் ஏறினேன். மேனர் பார்க், இல்ஃபோர்ட், செவன் கிங்ஸ். மூன்றே மூன்று நிறுத்தம், அன்றைக்கு முடிகிற பாடாக இல்லை. அண்ணைக்குப் போன் எடுத்தேன், லைன் பிஸி. அக்காவுக்கு எடுத்தேன், அதுவும் பிஸி. ஒருவேளை உண்மையாகவே ஏதும் நடந்துவிட்டதோ? அவரே தன் படத்தைப் பார்த்து அதிர்ந்து, அந்த நெஞ்சு தாங்காமல்? நல்ல வேலைக்காரி நான், ஒட்டிவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தேனே.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. போஸ்டரைக் காணவில்லை. நான்கு மூலையிலும் டேப் துண்டுகள் மட்டும். வாசலில் யாரோ ஒரு பூங்கொத்தைக் கடதாசி பிரிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்தேனா ஓடினேனா தெரியாது. கதவு திறந்திருந்தது. உள்வாசலில் சப்பாத்துகளும் செருப்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. செத்தவீட்டில்தான் அப்படிக் கிடக்கும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது முன்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இல்லை, நான்தான் கதைக்கிறன். ஓம், ஓம், உயிரோடதான் இருக்கிறன். வைக்கட்டே?”

அப்படியே சுவரில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

அண்ணை சோபாவில் சாரம் கட்டிக்கொண்டு இருந்தார். துக்கம் விசாரிக்க வந்த பத்துப் பேர், என்ன செய்வதென்று தெரியாமல் அவரைச் சுற்றியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் சிரித்தார்.

“வாரும் பிள்ளை. படம் நல்ல வடிவா வந்திருக்கு. சாகேக்க அதையே போடலாம்.”

அக்கா சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் என் போஸ்டர் சுருட்டியபடி இருந்தது.

“காலமை ஆறு மணிக்கு ஒரு ஃபோன் கோல்,” என்றார். “அக்கா மனதைத் தேற்றுங்கோ எண்டு ஒருத்தி அழுகிறாள். இவர் பாத்ரூமுக்குள்ள. தண்ணிச் சத்தத்தில நான் கூப்பிட்டது கேக்கேல்லை. கதவைத் தட்டுறன், தட்டுறன், திறக்கிறாரில்லை. அந்த ரெண்டு நிமிஷம் நான் பட்டது உமக்குத் தெரியுமே பிள்ளை?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் யோசிக்கேல்லை.”

“யோசிக்காமல் என்னத்தைப் படிச்சனீர்?”

அறையிலிருந்த எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணைதான் இடையில் புகுந்து, படிவத்தைத் தாரும், கையெழுத்துப் போட்டுத் தாறன், பிள்ளையின்ர படிப்பெல்லோ என்றார். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எழுத்தைத் தூரப் பிடித்து வாசித்தவர் பேனாவை மூடினார்.

“இதில கடை ஆற்ர பேரிலயோ அவைதான் போடவேணும் எண்டு கிடக்கு. கடை அவவின்ர பேரிலதான்.”

அக்கா வந்து மேசையருகே அமர்ந்தார். போஸ்டரை விரித்து, மூலைகளில் கோப்பைகளை வைத்தார். அண்ணையின் தோளோரத்தில் விரலை வைத்தார். வெட்டியபோது அங்கே ஒரு சின்னக் கீற்று மிச்சம் நின்றிருந்தது. எனக்கு அது தெரியும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று விட்டுவைத்திருந்தேன்.

“இது என்ர சீலைக் கரை,” என்றார். “இருபத்தஞ்சு வருஷம் அந்தக் கவுண்டரில நிண்டனான். இவர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்கையும் நிண்டனான். நீர் இவ்வளவுதான் விட்டிருக்கிறீர்.”

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் சொல்ல விரும்பியதை இந்த வேலை சொல்கிறதா? அக்கா ‘இல்லை’ என்ற கட்டத்தில் அழுத்தி அடையாளம் போட்டு, கையெழுத்திட்டு, என் பக்கம் தள்ளினார்.

வாசல் படலைவரை அண்ணை பின்னால் வந்தார். உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வேற படிவம் இருந்தால் தாரும். அவவின்ர கையெழுத்து எனக்குப் போடத் தெரியும். ‘ஓம்’ எண்டு போட்டுத் தாறன்.”

என் பையில் இன்னொரு பிரதி இருந்தது. கை அதைத் தொட்டும்விட்டது. கணவரின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த வருடம் முழுவதும் அந்த ஒரு தாளில் இருந்தது, ‘இல்லை’ என்ற தாளுக்குப் பாஸ் கிடைக்குமா தெரியாது. ஆனால் பதினேழு வருடம் நானும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவள்தானே. என் முகத்தை யாருக்காவது நினைவிருக்குமா?

“இல்லை அண்ணை, ஒண்டுதான் தந்தவை” என்று பொய் சொன்னேன்.

ஞாயிறு முழுவதும் மேசையைவிட்டு எழும்பவில்லை. வெட்டாத முழுப் படத்தையும் திரும்ப வைத்தேன். இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் மிளகாய்த்தூள் பைக்கற்றுகளும், மேலே தொங்கும் வாழைக்குலையும், நிறமெல்லாமும். கரையும் இல்லை, கோடும் இல்லை. இந்த முறை கணவரைக் கூப்பிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். நெடுநேரம் பார்த்தார்.

“இப்ப ரெண்டு பேரும் உயிரோட நிக்கினம்,” என்றார்.

திங்கள் மத்தியானத்துக்குப் பத்து நிமிடம் இருக்க இரண்டு போஸ்டர்களையும் அந்தப் படிவத்தையும் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியை ‘இல்லை’யைப் பார்த்தார். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் குத்தி, கண்ணைச் சுருக்கினார். முதலாவதுதான் பலமானது, இரண்டாவதில் கூட்டம் அதிகம் என்றார். எதற்குப் புள்ளி போட வேண்டும் என்று கேட்டார். முதலாவதற்கென்றால் நல்ல புள்ளி கிடைக்கும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இரண்டாவதைக் காட்டினேன். ஏன் என்றார். கடைக் கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். கதவைத் தட்டிய இரண்டு நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம் அவ்வளவு தடுமாறியது அன்றைக்குத்தான். அவர் எழுதிக்கொண்டார்.

பாஸ் வந்தது. அதைவிடக் குறைவாகப் பாஸ் பண்ண முடியாது, அப்படியொரு பாஸ். கணவர் அதையும் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். கரை கறுப்பாக இருக்கக் கூடாதாம்.

ஒன்றுகூடலுக்குப் போனேன். நான் முன்பே அனுப்பியிருந்த புதுப் போஸ்டரை அக்கா கண்ணாடியில் ஒட்டவில்லை. கவுண்டருக்குப் பின்னால், தன் தலைக்கு மேலே ஒட்டியிருந்தார். என்னோடு அதிகம் பேசவில்லை, ஒரு கோப்பைத் தேநீரை மட்டும் முன்னால் வைத்தார். சாமான் வாங்க வந்த ஒரு பெண் போஸ்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அட, கடை உங்கடையோ? நான் இவ்வளவு காலமும் நீங்கள் இஞ்ச வேலைக்கு நிக்கிறியள் எண்டெல்லோ நினைச்சனான்!”

“கனபேர் அப்பிடித்தான் நினைச்சவை,” என்றபடி அக்கா அவளுடைய முருங்கைக்காயைப் பையில் போட்டார்.