அளவு அக்கா விற்றது

வேலை பார்த்த திரைச்சீலைக் கடையில் அவளை எல்லோரும் ‘அளவு அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஜன்னலின் அகலமும் உயரமும் சொன்னால் போதும், எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று வாயாலேயே கணக்குப் போட்டுவிடுவாள். மடிப்புக்கு இரண்டு மடங்கு, மேல் தையலுக்கும் கீழ் தையலுக்கும் கொஞ்சம், பெரிய பூப்போட்ட துணி என்றால் எல்லாத் துண்டிலும் பூ ஒரே உயரத்தில் வருவதற்கு இன்னும் கொஞ்சம். இந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். துணி போதவில்லை என்று திரும்பி வருவதற்குள் அந்தச் சுருள் தீர்ந்திருக்கும். அடுத்த சுருளில் நிறம் இம்மியளவு மாறியிருக்கும். பிறகு கவுண்டரில் பஞ்சாயத்துதான்.

அந்தப் பஞ்சாயத்து அலுத்துப்போய்த்தான் அவள் ஒரு இணையதளம் செய்ய உட்கார்ந்தாள். படித்தது வணிகவியல். வீடியோக்களைப் பார்த்து, தப்பும் தவறுமாக எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர், வேலை முடிந்து வந்து கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக்கொண்டே திரையை எட்டிப் பார்ப்பார். ஒரு வழியாக, ஜன்னல் அளவைப் போட்டால் துணி அளவு சொல்கிற ஒரு பக்கம் தயாரானது. வீட்டுக்காரர்களுக்கு இலவசம். வாடிக்கையாளர் அளவுகளைச் சேமித்து, விலைப்பட்டியலும் அச்சிட நினைக்கும் தையல்காரர்களுக்கு மாதச் சந்தா.

சந்தா கட்டிய முதல் சிலரில் ஒரு தையல்காரர், வேறு ஊர்க்காரர், ஒருநாள் போனில் பிடித்துக்கொண்டார். அங்குலத்தில் கொடுத்ததை சென்டிமீட்டருக்கு மாற்றும்போது தளம் தவறாகக் கணக்கிட்டிருந்தது.

“சீலை தரைக்கு ஒரு சாண் மேல நிக்குதும்மா. ஜன்னலுக்கு அரை டிராயர் மாட்டிட்டீங்களான்னு கஸ்டமர் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

அவள் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே பிழையைத் திருத்தினாள். தான் வேலை பார்க்கும் கடையில் அதே துணியைத் தேடிப் பிடித்துத் தன் செலவில் அனுப்பியும் வைத்தாள். அதற்குப் பிறகு எந்தப் புது வசதி செய்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவாள். அவரும் குறை கண்டுபிடிப்பதில் சளைக்கவில்லை.

தளம் பரவியது. ஒருநாள் கடைக்கு வந்த ஒரு பெண்மணி அவள் சொன்ன அளவை நம்பாமல் போனைத் திறந்து, அவளுடைய தளத்தையே அவளிடம் நீட்டி, இதில் ஒரு மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று வாதாடினார். பூ வரிசையைச் சேர்க்க மறந்திருந்தார். அதற்கான கட்டத்தை அழுத்தச் சொன்னாள். இரண்டு கணக்கும் ஒன்றாயின. தளத்தைச் செய்தது தான்தான் என்று அவள் மூச்சு விடவில்லை. ஆனால் துணியை மடித்துக் கொடுக்கும்போது சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

மூன்றாம் வருடம், திரைச்சீலைக் கம்பிகளை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனம் தளத்தை விலைக்குக் கேட்டது. வீட்டில் கணவருக்கு ஒரே குழப்பம். கையில் எடுத்துக் கொடுக்க ஒரு பொருளும் இல்லையே, பின் எதை விற்பது? பெயர், எழுதிய நிரல், சந்தா கட்டுகிறவர்கள், இதெல்லாம்தான் பொருள் என்று அவள் விளக்கினாள். அவர் தலையாட்டினார், புரிந்த மாதிரித் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் பேச்சு நடந்தது. அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே, கேமராவில் விழாத பக்கம், கணவர்.

“உங்க டீம்ல எத்தனை பேர் மேடம்?” என்று கேட்டார் நிறுவனத்து மேலாளர்.

“நான்தான்.”

“டெக்னிக்கல் வேலையெல்லாம் பாக்கறது?”

“அதுவும் நான்தான் சார். போன் எடுக்கறதும் நான்தான்.”

மேலாளரின் குரலில் ஒரு சுருதி இறங்கியது. ஒற்றை ஆள் செய்தது என்றால் தங்கள் ஆட்களே ஒரு மாதத்தில் செய்துவிடுவார்கள் என்று சொல்லி, அவள் கேட்டதில் பாதியைச் சொன்னார். எதிரே கணவர் இரண்டு கைகளாலும் ‘ஒத்துக்கோ, ஒத்துக்கோ’ என்று ஜாடை காட்டினார். அவள் காய்ந்த துணிக் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“தாராளமா செய்யுங்க சார். கணக்கு ஒரு மாசத்துல வந்துடும். நம்பி மாசாமாசம் பணம் கட்டற தையல்காரங்க வர்றதுக்குத்தான் நாளாகும். எனக்கே மூணு வருஷம் ஆச்சு.”

கணவர் ஒரே துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் மேலாளர் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் வழக்கம்போல் கடைக்குப் போய்த் துணி வெட்டினாள். கேட்டது நியாயமான விலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வாரமே அவர்கள் இறங்கி வந்தார்கள். கேட்ட விலை கிடைத்தது, மூன்று மாதம் கூட இருந்து வேலையைச் சொல்லித்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவளும் இரண்டு நிபந்தனை போட்டாள்: வீட்டுக்காரர்களுக்கான கணக்கு இலவசமாகவே இருக்க வேண்டும், தையல்காரர்களுக்கு விஷயத்தை அவள்தான் முதலில் சொல்வாள். வக்கீலை வைத்து இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வைத்த பிறகே கையெழுத்திட்டாள்.

அவள் செய்தி அனுப்பியதும் அந்தத் தையல்காரர் கூப்பிட்டார்.

“என்னம்மா, எங்களையெல்லாம் வித்துட்டீங்களாமே?”

“உங்களையும் சேத்துத்தாண்ணே வித்தேன். நல்ல விலைக்குப் போனீங்க.”

அவர் சிரித்து ஓய வெகுநேரமானது. புது ஆட்கள் தன் குறையைக் காதில் வாங்குவார்களா என்று பிறகு கவலையோடு விசாரித்தார். வாங்காவிட்டால் தன்னிடம் சொல்லும்படி அவள் சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்து கடவுச்சொற்கள் எல்லாம் மாறிய பிறகு, சில நாட்கள் அவள் கை தானாகப் போனைத் தேடும். எடுத்தால் ஒரு புகாரும் இருக்காது. வீடு காலியான மாதிரி இருந்தது. தளத்துக்கு அவர்கள் பூசியிருந்த ஆரஞ்சு நிறமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. தினமும் சோதித்துப் பார்த்தாள்.

இனி எதற்கு இந்த வேலை என்று கடை முதலாளி கேட்டார். ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது கவுண்டரில் நின்றால்தானே தெரியும் என்றாள். அரை நாள் வேலைக்கு மட்டும் மாற்றிக்கொண்டாள். மதியங்களில் இப்போது சோபா உறைக்கான கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறாள். சோபாவின் கை வளைவுதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. தையல்காரர் ஏற்கெனவே நான்கு குறை சொல்லிவிட்டார்.