அரக்கன் தோளுக்குக் கறுப்பு மேலங்கி வந்த கதை

சாட்டின் துணி மடியில் நிற்காது. வழுக்கிக்கொண்டு தரைக்குப் போகும். இழுத்து வைத்தால் மறுபடியும் போகும். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு... இரண்டும் சேர்ந்து ஆறரை மீட்டர். செம்மண்டலம் வீட்டில், அம்மாவின் தையல் மிஷினில், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த நான் அதோடு மல்லுக்கட்டினேன். அந்தச் சில்லிப்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

தைத்தது அரக்கனுக்கு.

எங்கள் பக்கத்தில் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். தெரு முழுக்க வேஷம் போட்டவர்கள் கூடவே போவார்கள். அம்மன் வதம் செய்கிற அரக்கன் வேஷம் எங்கள் தாத்தாவிடமிருந்து என் மாமாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பி. அதுவரை அரக்கன் என்றால் பச்சைச் சாயம், அட்டைக் கிரீடம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாமா என்னை மஞ்சக்குப்பம் பக்கத்துத் தியேட்டருக்கு மேட்னி ஷோ கூட்டிப்போனார். இங்கிலீஷ் படம். ரத்தம் குடிக்கிற காட்டேரிப் படம். ஒரு வார்த்தை புரியவில்லை... புரியத் தேவையும் இல்லை. மாடிப்படியில் அவன் இறங்கி வந்தான். தோளில் கறுப்பு மேலங்கி, காது வரை நிமிர்ந்த காலர், ஓரமாக இரண்டு பல். தியேட்டரில் முறுக்கு கடிக்கிற சத்தம்கூட நின்றுபோனது.

வெளியே வந்ததும் மாமா சொன்னார்:

"செல்வி, அவன் எங்கடி நடந்தான்? அந்தத் துணியில்ல அவன தூக்கினு வருது. நம்ம அரக்கனுக்கு அதான் கொறச்சல்."

காலர் நிற்பதற்குக் காலண்டர் அட்டை வைத்தேன். அட்டையில் முருகர் படம். அரக்கன் கழுத்தில் முருகரா? ஈரத்துணி வைத்துப் படத்தை உரித்து, காயவைத்து, பூஜை அலமாரியில் ஒட்டிவிட்டுத்தான் அட்டையை வெட்டினேன். பல்லுக்குத் தேங்காய்ச் சில். ஊர்வலம் பாதி போவதற்குள் மாமா ஒன்றை மென்று தின்றுவிட்டார்.

வினை வேறு இடத்தில் வந்தது...

தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதே படத்தைப் பார்த்திருந்தார்கள். படத்தில் சிலுவையைக் காட்டினால் காட்டேரி நடுங்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், விளக்குமாற்றுக் குச்சி இரண்டைக் குறுக்கே பிடித்து மாமாவிடம் நீட்டினார்கள். மாமா அந்தப் படமாகவே மாறிப்போயிருந்தார். மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு பத்தடி பின்னால் ஓடினார். தெருவே சிரித்தது. சூலத்தோடு வந்த அம்மனை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் கோயிலில் கூட்டம். தலைவர் மாமாவை நடுவில் நிறுத்திவிட்டார்.

"அம்மன் சூலத்துக்குப் பயப்பட வேண்டியவன், வெளக்குமாத்துக் குச்சிக்கு ஓடுறான். இது சாமி காரியமா, சினிமாக் கொட்டாயா? அடுத்த வருஷம் அரக்கனுக்கு வேற ஆளு பாத்துக்கலாம்."

மாமாவுக்கு வேலை வெட்டி நிலையாக இல்லாத காலம் அது. வருஷத்தில் ஒரு நாள்தான் ஊர் அவரை நிமிர்ந்து பார்க்கும். அதுவும் போகப்போகிறது. தலையைக் குனிந்து நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை.

"குச்சியப் பாத்து ஓடுனது தப்புதான், தலைவர் தாத்தா. ஆனா கடைசில எங்க உழுந்தாரு? அம்மன் கால்லதான? எந்தத் தேசத்துக் காட்டேரியா இருந்தா என்ன, நம்ம ஆத்தா அடக்க மாட்டாளா?"

தலைவர் என்னையே பார்த்தார்.

"தச்சது யாரு?"

"நாந்தான்."

"முட்டிக்கு மேல நிக்குது, பாக்க நல்லால்ல. அடுத்த வருஷம் கணுக்கால் வரைக்கும் தை. உங்க மாமன் குச்சிக்குப் பயப்படக் கூடாது. அவ்ளோதான்."

அடுத்த வருஷம் மூன்று மேலங்கி. அதற்கடுத்த வருஷம் பக்கத்துத் தெருக்காரர்களும் அளவு கேட்டு வந்தார்கள். நான் கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தேன். இங்கே வேஷத்துணி வாடகைக் கடையில் அது தொங்கியது. குமராட்சிப் பக்கம் கூத்தில் அசுரன் அதைப் போட்டுக்கொண்டு ஆடினான். டிவி சீரியல் மந்திரவாதிக்கும் அதே காலர். என் மகள் பள்ளி மாறுவேடப் போட்டியிலும் அந்த இரண்டு பல். யாரோ எங்கேயோ எடுத்த ஒரு காட்டேரிப் படம்...

இந்த வருஷம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அரக்கன் போட்டோ வந்தது. 'ஆதிகாலத்து உடை' என்று எழுதியிருந்தார்கள். மேலங்கி இல்லாமல் வந்த ஒருவரை, ஐதீகம் கெட்டுவிடும் என்று திருப்பி அனுப்பினார்களாம். நடந்ததை நடந்தபடி நான் நாலு வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் காணோம். அட்மின் தம்பி போன் செய்தார்.

"பேய்ப்படத்தையும் சாமியையும் ஒண்ணா சேத்து எழுதலாமாக்கா? நீங்க பதிகம்லாம் பாடுறவங்க..."

ஆமாம், பாடுகிறேன். என் படிப்பு நின்ற பிறகு, கோயிலில் கேட்டுக் கேட்டு நானே கற்றுக்கொண்டவை. இன்றும் விளக்கேற்றிப் பாடிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைக்கிறேன். அந்தப் படத்தையும் பார்த்தேன். பிடித்தது. இரண்டும் நான்தான். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்க மாட்டேன்.

அன்றைக்குத் தப்பு என்று பட்டதை முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண் எழுந்தபோதும் பேசவிட்டார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். இன்றைக்கு ஒரு விரல் போதும், நான் பேசியதே இல்லை என்று ஆகிவிடுகிறது...

அதனால் இங்கே, என் சொந்த இணையப் பக்கத்தில், என் பெயரிலேயே எழுதுகிறேன். அந்த ஊர்வலத்தில் எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் அம்மன். மறைக்கச் சொல்கிறவர்கள் முதலில் அவளிடம் போய்ச் சொல்லட்டும்.